ஐநூறாவது பார்வையாளர்

அன்றைக்கு விற்ற டிக்கெட் இருபத்திரண்டு. அன்புக்கரசியிடம் இருந்த தாள் இருபத்து மூன்று.

மறுபடி எண்ணினாள். இருபத்து மூன்றுதான்.

காந்திபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய பஞ்சுக் கிடங்கில் நடந்துவந்த தனியார் அருங்காட்சியகம் அது. வாசலையொட்டி மேசை போட்டு அவள் உட்கார்ந்திருப்பாள். உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். தாளில் கூடத்தின் வரைபடம்: கண்ணாடிப் பெட்டிகளுக்கு ஒன்பது கட்டங்கள், அவள் மேசைக்கு ஒரு சின்னச் சதுரம். வந்தவர் நடக்க நடக்க அவளும் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டே போக வேண்டும். எங்கே நிற்கிறார், எத்தனை விநாடி நிற்கிறார் என்று குறிக்க வேண்டும். அருங்காட்சியகம் வரலாற்றை எப்படிக் காட்டுகிறது, மக்கள் அதில் எதைப் பார்க்கிறார்கள் என்பது அவளுடைய எம்.ஃபில். ஆய்வு. இளங்கலையில் புள்ளியியல் படித்தவளுக்கு இந்த வேலை பிடித்திருந்தது. யாரிடமும் பேச வேண்டியதில்லை. மூன்று வாரத்தில் ஒருவர்கூட அவள் பெயரைக் கேட்கவில்லை.

அதிகமாயிருந்த தாளிலும் கோடு அவள் கையால் இழுத்ததுதான். ஆனால் அது வாசலில் தொடங்கவில்லை. கூடத்தின் கடைசியில், ஒன்பதாம் பெட்டியில் தொடங்கி, எட்டாம் பெட்டி வரை வந்து நின்றிருந்தது.

"ஏனுங்க அம்மணி, கணக்கு ஒதைக்குதுங்களா?" என்றார் டிக்கெட் கொடுக்கும் வெள்ளியங்கிரி.

"ஒரு ஆள் அதிகமா வருதுங்ண்ணா."

"நம்ம மியூசியத்துல ஆள் அதிகமா? வெளிய சொல்லிப்போடாதீங்க, கண்ணு பட்டுரும்."

சோறு தின்ற பிறகு கண் அசந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் அவளுடைய ஆய்வு வழிகாட்டி ஜெரோம் சார் முந்தின நாள் சொன்னது காதில் இருந்தது. "ஐநூறு தாள் வேணும்மா. உள்ள வந்தது, வெளிய போனது ரெண்டும் இல்லாத தாளை நான் எண்ண மாட்டேன். பதிவை ஒரு தடவ நீட்டியாச்சு. டிசம்பர் முப்பத்தொண்ணு தாண்டினா ரத்து."

ரத்தானால் ஊருக்குப் போக வேண்டும். அங்கே அம்மா பூவாத்தாளோடு சேர்ந்து அவளும் வயலில் இறங்க வேண்டும். அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான்.

வாசலிலிருந்து ஒரு கோடு போட்டாள். வாசலுக்கு ஒரு கோடு. தாள் முழுமையாகிவிட்டது. நான் எதையும் புதிதாக உண்டாக்கவில்லை, விட்டதை நிரப்புகிறேன், அவ்வளவுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

மறுநாளும் ஒரு தாள் அதிகம். அதற்கடுத்த நாளும். தினமும் இரண்டு கோடு சேர்த்தாள். தினமும் எண்ணிக்கை ஒன்று கூடியது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு விடுதியில் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். மாடியில் அவள் ஒருத்தி. தண்ணீர்க் குழாய் சொட்டுவதும் தூரத்தில் பஸ் ஹாரன் அடிப்பதும் தவிர வேறு சத்தம் இல்லாத அறையில், ஆறாம் நாள் காலை, அந்த ஐந்து தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

அவள் பிறகு சேர்த்தவற்றை விட்டுப் பார்த்தால், ஐந்து கோடுகளும் சேர்ந்து ஒரே கோடாகத் தெரிந்தன. ஒரு நாள் முடிந்த இடத்தில் மறுநாள் தொடங்கியிருந்தது. ஒன்பதிலிருந்து எட்டு. எட்டிலிருந்து ஏழு. இப்போது நான்காம் பெட்டி வரை வந்திருந்தது. அப்படியென்றால் ராத்திரி முழுக்க அது நின்ற இடத்திலேயே நிற்கிறது.

முதல் தாளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தாள். கோட்டின் முதல் புள்ளி ஒன்பதாம் கட்டத்துக்கு முன்னால் இல்லை. கட்டத்துக்கு உள்ளே இருந்தது.

ஒன்பதாம் பெட்டியை அவள் சரியாகப் பார்த்ததே இல்லை. பார்வையாளர்களும் அப்படித்தான், சராசரி நான்கு விநாடி. முதல் பெட்டியில் ஒரு பண்ணைக்காரரின் வெள்ளிப்பூண் குடை இருந்தது. அவர் பெயர், ஆண்டு, அவருடைய குதிரையின் பெயர்கூடக் கீழே எழுதியிருந்தது. ஒன்பதில் எழுதியிருந்தது இரண்டே சொல்: ‘நாற்று நடவு’. பிளாஸ்டரில் செய்த பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். தெரிந்ததெல்லாம் முதுகும் கொண்டையும்தான். அந்த முதுகு அவளுக்குத் தெரிந்த முதுகு. அதனாலேயே பார்க்காமல் தாண்டிப் போவாள்.

அன்று போய் நின்றாள். ஐந்து முதுகுகள். நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி. அந்த இடத்துச் சேற்றில் இரண்டு பாதப் பள்ளங்கள். பள்ளங்களில் தண்ணீர் தேங்கியிருந்தது. பெட்டியின் பூட்டில் துரு ஏறியிருந்தது.

"இதுல எத்தனை பொம்மைங்ண்ணா?"

வெள்ளியங்கிரி தலையைச் சொறிந்தார். "யாருங்க எண்ணுனா? குடையக் கேட்டா கம்பி எத்தனைன்னுகூடச் சொல்லிப்போடுவேன். இத எண்ணுன்னு இத்தனை வருசத்துல ஒருத்தருஞ் சொன்னதில்லீங்க அம்மணி."

எட்டாம் நாள் முழு அடைப்பு. டவுன் பஸ் ஓடவில்லை. விடுதியிலிருந்து நடந்தே வந்தாள். கையில் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது தாள். மறுநாள் முதல் பொங்கல் வரை வெள்ளையடிப்புக்காக அருங்காட்சியகம் மூடப்படும். இன்றைக்கு ஒரே ஓர் ஆள் வந்தால் போதும்.

"பந்த் அன்னைக்கு எவனுங்க குடையப் பாக்க வருவான்? வேணும்னா நானே ஒரு சுத்து சுத்திப்போட்டு வாரேன். எழுதிக்கங்க."

"இங்க வேலை செய்யறவங்க கணக்குல வரக்கூடாதுங்ண்ணா."

"அப்பச் செரி. கரண்டும் போயிருச்சு. நா ஊட்டுக்குப் போயி சோறுண்டுபோட்டு வாரேன். பயமில்லீங்களே?"

இல்லை என்று தலையாட்டினாள். அவர் செருப்புச் சத்தம் சந்து முனை வரை கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

மணி மூன்று. சந்தில் ஒரு சைக்கிள்கூடப் போகவில்லை. கூரையின் கண்ணாடி ஓட்டில் இறங்கிய மங்கல் வெளிச்சம் முதல் மூன்று பெட்டிகளோடு நின்றுவிட, அதற்கு அப்பால் பழம்பஞ்சின் மக்கிய வாடையும் பாச்சை உருண்டையின் காரமும் கலந்த இருட்டு கிடந்தது. அந்த இரண்டு வாடைக்கும் அடியிலிருந்து, மெதுவாக, மூன்றாவதாக ஒன்று எழுந்தது. புளித்த சேறு. தண்ணீர் கட்டிய வயலின் சேறு.

அவள் கை புதுத் தாளின்மேல் இருந்தது. பென்சில் இரண்டாம் பெட்டியில் நின்றிருந்தது. அதை அங்கே வைத்ததாக நினைவில்லை.

கோடு நகரத் தொடங்கியது.

நிமிர்ந்து பார்த்தாள். இரண்டாம் பெட்டி முன்னால் யாரும் இல்லை. சிமெண்ட் தரை மட்டும் ஈரமாக இருந்தது.

எழுந்து போய்விடலாம். கதவு நாலடி தூரத்தில் திறந்தே இருக்கிறது. பென்சிலைக் கீழே வைத்துவிடலாம். வைத்தால் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. அதிகமாக வந்த அந்த ஏழு தாளையும் தள்ளினால் நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

வைக்கவில்லை.

சளக். சேற்றிலிருந்து காலை உருவும் சத்தம்.

முதல் பெட்டி. கோடு நிற்கவில்லை. குடையைப் பார்க்கவில்லை.

சளக்.

தாளை மட்டும் பார்த்தாள். சின்னச் சதுரத்தை. தன்னை.

கோடு அதைத் தொட்டது. நின்றது.

வாசலுக்குத் திரும்பு. அவள் மனதுக்குள் கெஞ்சினாள். வாசலுக்கு. ஒரு விரற்கடைதான்.

பென்சில் அசையவில்லை.

பத்து விநாடி. இருபது. ஒரு நிமிடம். இவ்வளவு நேரம் யாரும் எதன் முன்னாலும் நின்றதில்லை.

தாளின்மேல் ஒரு சொட்டுச் சேறு விழுந்தது.

மேசைக்கு எதிரே ஒரு முதுகு. குனிந்த முதுகு. வெடித்த பிளாஸ்டரில் வைக்கோல் நீட்டிக்கொண்டிருந்தது. இடுப்பு காய்ந்த ஓடுபோல் முறிந்து முறிந்து நிமிர்ந்தது. தோள். கழுத்து.

முகம்.

முகமே இல்லை. குனிந்தவளின் முகத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று பொம்மை செய்தவன் அப்படியே விட்டிருந்தான். வழுவழுப்பு. நெற்றியிலிருந்து தாடை வரை வெறும் வழுவழுப்பு.

குளிர்ந்த விரல்கள் அன்புக்கரசியின் கன்னத்தைத் தொட்டன. பொறுமையாக. அவள் மூக்கைத் தடவின. பிறகு அதே இடத்தில் தன் வழுவழுப்பைப் பிசைந்தன. மூக்கு வந்தது. அவள் மூக்கு. அவள் உதட்டைத் தடவின. உதடு வந்தது.

கத்த வாயைத் திறக்கப் போனாள். திறக்க அங்கே எதுவும் இல்லை.

விரல்கள் மேலே ஏறின. கடைசியாகக் கண்களுக்கு வந்தன.