அப்படி ஒருவர் இங்கே இல்லை

மேலாளருக்குப் போன மெயிலெல்லாம் திரும்பிக்கொண்டிருந்தது. ‘அப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்கிறதாம் சர்வர். மனிதர் காலையிலிருந்து போனில், வீட்டிலிருந்தே சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அவனைக் காய்ச்சி எடுத்துவிட்டார்.

“நான் இல்லாத ஆளா? சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா நீதான் இல்லாத ஆளாயிடுவே.”

மெயில் வந்ததும் சர்வர் டேட்டாபேஸிடம் கேட்கும்: இந்தப் பெயரில் ஆள் உண்டா? உண்டென்றால் உள்ளே விடும், இல்லையென்றால் வாசலோடு சரி. மேலாளர் பெயர் பட்டியலில் பத்திரமாக இருந்தது. இவன் கேட்டால் உண்டு. சர்வர் கேட்டால் இல்லை. நாலு மணி நேரமாக இதே கூத்து. ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் புழுக்கம், மின்விசிறியின் கிறீச்சு, சூடேறிய கணினியின் தூசி வாடை, கூடத்தில் ஆறு வயது மகள் தரையில் பென்சில் உருட்டும் சத்தம் எல்லாம் சேர்ந்து அவன் தலையைத் தின்றன.

நீலக் கவுன் கதவோரம் தெரிந்தது. “அப்பா, வெளில யாரோ என்னைக் கூப்பிடுறாங்க.”

“அம்மா வர நேரமாகும். கதவைத் திறக்காதே. போ சுண்டு, உயிரை எடுக்காதே.”

சுண்டு என்பது வீட்டுக்குள் மட்டும் வழங்கும் பெயர். பள்ளியில்கூட யாருக்கும் தெரியாது.

சர்வர் எழுதிவைக்கும் பதிவுகளில் வேறொரு தொல்லை. ஏதோ குப்பை மெயில் நிமிடத்துக்கு ஒரு தரம் வந்து, ‘இல்லை’ வாங்கித் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் பெயரை அவன் பார்க்கக்கூட இல்லை. பொறுமை போயிற்று. எந்தப் பெயரைக் கேட்டாலும் ‘உண்டு’ என்றே சொல்லும்படி மாற்றி வைத்தான். நாளைக்கு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

மேலாளரின் மெயில் போய்ச் சேர்ந்தது. அப்பாடா என்று சாய்ந்தான்.

அடுத்த வரியில் குப்பையும் உள்ளே வந்திருந்தது. இப்போதுதான் பெயரைப் படித்தான்.

சுண்டு உண்டா? உண்டு.

பழைய பதிவுகளைத் திறந்தான். போன மாதம். போன வருடம். அவள் பிறந்த நாள்.

சுண்டு உண்டா? இல்லை. சுண்டு உண்டா? இல்லை.

ஆறு வருடம். நிமிடத்துக்கு ஒரு தரம்.

மாற்றியதை அழித்தான். தப்பாக அடித்தான். மறுபடி அடித்தான்.

பென்சில் சத்தம் நின்றிருந்தது.

“இதோ இருக்கேன்,” என்றாள் சுண்டு, கூடத்திலிருந்து.

ஓடினான்.

கூடத்தில் யாருமில்லை. வாசற்கதவின் தாழ்ப்பாள் உள்ளே போட்டபடியே இருந்தது. கதவுக்கடியில் ஒரு விரற்கடை இடைவெளி. அதன் வழியே நீலக் கவுனின் கடைசிச் சாண் துணி மெல்ல மெல்ல வெளியே போய்க்கொண்டிருந்தது.