நீல உப்பு

"என் தம்பி தூங்கலை. ரோட்டுல மூஸ் நின்னுச்சுங்கறான். அதை நம்ப இந்த ஊர்ல ஒரு ஆள் இல்லை."

சொலான்ஜ் கோட்டைக்கூடக் கழட்டாம நின்னுட்டே சொன்னா. முதியோர் இல்லத்துல வேலை பார்க்கறவ. ஒவிலா அவளை அடுப்புப் பக்கம் உட்காரச் சொன்னார். இருபத்தாறு வருஷம் நெடுஞ்சாலை ஆய்வாளரா இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரு கார் ஏன் சறுக்குச்சுன்னு தெரியணும்னா வக்கீலே அவர் வீட்டுக்குத்தான் வருவார்.

மூணு வாரம் முன்னாடி, விடியற நேரம், தம்பி நோர்மான் ஓட்டின கார் குவாரி வளைவுல பாறையில மோதிச்சு. பக்கத்துல இருந்த அவன் பொண்டாட்டி ஜிஸேல் அங்கேயே செத்துட்டா. தூங்கிட்டே ஓட்டினான்னு போலீஸ் கேஸ். வெள்ளிக்கிழமை கோர்ட்டு. ஜெயில்தான்னு வக்கீல் சொல்லியாச்சு.

"அந்த வளைவுல மூஸா?" ரெஜான் குறுக்கே விழுந்தான். உடைஞ்ச வண்டிகளை இழுக்கற லாரிக்காரன், ஒவிலாவை விட்டு நகராதவன். "இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் குவாரி. குதிரையை விடப் பெரிய காட்டு மான் அது, அங்க திங்க ஒரு கொப்பு கிடையாது. அங்க எதுக்கு வரும்?"

"இவர் வாயை மூடச் சொல்லுங்க."

"அதுக்கு மருந்து இல்லம்மா. உன் வீட்டுக்காரர் என்ன சொல்றார்? அந்த நெடுஞ்சாலையில ஐஸ் கரைய அவர்தானே வண்டியில உப்பு போடறார்?"

"க்ளெர்மோன் பாவம், தினமும் என்கூட ஆஸ்பத்திரிக்கு வந்து தம்பி பக்கத்துல உட்காருறார். நான் ஆறரைக்கு வேலைக்குக் கிளம்பணும். அவர் ஷிஃப்ட் முடிஞ்சு ஆறு மணிக்கு வந்துடுவார். சேர்ந்து காபி குடிப்போம். ஒரு நாள்கூடப் பிந்தினதில்லை."

அன்னிக்கே ஒவிலாவும் ரெஜானும் வளைவுக்குப் போனாங்க. ரெஜான் மண்வெட்டியால ரோட்டோரப் புதுப் பனியை அள்ளிப் போட்டான். இடுப்பளவு தோண்டினதும், அந்த ஊர்க்காரங்க கெட்ட வார்த்தைக்குப் பதிலாச் சொல்ற மாதிரி, சர்ச்சுல இருக்கற சாமானையெல்லாம் பேர் சொல்லி இழுத்துத் திட்டினான். அடியில, ரோட்டு உப்புல கலக்கற சாயம் ஏறி நீல நிறத்துல ஐஸ். நடுவுல வழவழன்னு பெரிய குழி. ஓரத்துல நீளமா, முரடா, பழுப்பு மயிர் உறைஞ்சு ஒட்டியிருந்துச்சு.

"மூஸ் உப்பை நக்கியிருக்கு," ன்னார் ஒவிலா. "பல நாள் வந்து நக்கியிருக்கு."

"ரோட்டுல போட்ட உப்பு தெறிச்சிருக்கும், ஐயா."

"தெறிச்சா ஒரு கைப்பிடி. இது தினமும் கொட்டின இடம்." ஒரு துண்டை விரல்ல நொறுக்கிப் பார்த்தார். மணல் ஒட்டலை.

மறுநாள் மத்தியானம் உப்புக் கொட்டகைக்கு உப்பு வண்டி டிரைவர் மூணு பேரையும் கூப்பிட்டார். சொலான்ஜை வர வேண்டாம்னு ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அவ கேட்கலை.

"லுட்ஜே, ஷிஃப்ட் முடிஞ்சா வண்டிப் பெட்டியில மிச்சம் இருக்கற உப்பை என்ன பண்ணுவே?"

"இங்க கொண்டாந்து இறக்கணும்," ன்னான் அந்தக் கிழட்டு டிரைவர். "விட்டா கல்லாட்டம் இறுகிடும், அப்புறம் கடப்பாரைதான். வீடு போய்ச் சேர ஆறரை தாண்டிடும். என் பொண்டாட்டிக்கு என் மூஞ்சியே மறந்து போச்சு. அதுவும் நல்லதுக்குத்தான்."

ரெஜான் மட்டும் சிரிச்சான். பிறகு அவனும் நிறுத்திட்டான்.

"வளைவுல யாரோ அந்த மிச்சத்தைக் கொட்டியிருக்காங்க," ன்னார் ஒவிலா. "அது மூஸை ரோட்டுக்கு இழுத்துச்சு. நோர்மான் சொன்னது நிஜம். மலை ரோட்டுக்குப் போற ரெண்டு வண்டியிலயும் மணல் கலந்த உப்பு. வளைவுல கிடந்ததுல மணலே இல்லை. வெறும் நீல உப்பு ஏத்தறது நெடுஞ்சாலை வண்டி மட்டும்தான். அதோட டிரைவர் ஆறு மணிக்கே வீட்டுல இருக்கார்."

சொலான்ஜ் மெதுவாத் திரும்பினா. "இல்லைன்னு சொல்லு, க்ளெர்மோன்."

அவன் கையுறையையே பார்த்துட்டு நின்னான். "இங்க வந்து இறக்க அரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள நீ கிளம்பிடுவே. ராத்திரி நான் கிளம்பறப்போ நீ தூங்கிட்டிருப்பே."

"மூணு வாரம் அவன் கட்டில் பக்கத்துல உட்கார்ந்தியே. அவன் கையைப் பிடிச்சிட்டு!"

"சொல்லத்தான் தினமும் வந்தேன்."

"அவனே சொன்னான்டா, மூஸ் மூஸ்னு அழுதான்! நீதான் தண்ணி குடு, தூக்கத்துல உளறுறான்னே!"

ஒவிலா ஃபோனை எடுத்து போலீஸ் நம்பரைப் போட்டார். சொலான்ஜ் அதைப் பிடுங்கிப் புருஷன் கையில திணிச்சா.

"நீ பேசு. நான் பேசினா தம்பிக்காகப் பொய் சொல்றேன்ம்பாங்க."

அவன் பேரைச் சொன்னான். வளைவைச் சொன்னான். எத்தனை நாள் கொட்டினேன்னு சொன்னான். அந்தப் பக்கம் ஏதோ கேட்டாங்க.

"காரை ஓட்டினவரா? என் மச்சான்."

நிமிர்ந்து பொண்டாட்டியைத் தேடினான். அவ கொட்டகைக் கதவைத் தாண்டி, ரெஜானோட லாரியில ஏறி உட்கார்ந்துட்டா.