வயர் மாட்டாத டிஸ்க்

ஹார்ட் டிஸ்க் சூடாக இருந்தது. அதில் வயர் எதுவும் மாட்டியிருக்கவில்லை.

பக்கத்தில் கம்ப்யூட்டர் ஓடுவதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். விடுமுறை மதியம். ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தான். ரிப்பேர் கடைக்குள் பழைய சால்டர் புகையின் வாசனையும், சுற்றுக்கு ஒருமுறை தொண்டையைச் செருமும் மின்விசிறியும், அலமாரியில் அடுக்கிய போர்டுகளின் பச்சை நிழலும் மட்டும் அவனுக்குத் துணை.

டிஸ்க் தங்கை வீட்டுக் கண்காணிப்புக் கேமராவின் பதிவுப் பெட்டியில் இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் அவள் வீட்டைவிட்டுப் போய்விட்டதாக அவள் புருஷன் சொன்னான். கடையில் இவனுக்குக் கூட்டாளி; ஒரே மேசையில் தொழில் பழகியவன். அன்றைக்கே மின்னல் அடித்துப் பெட்டியும் போய்விட்டதாம். அவள் எந்தப் பக்கம் போனாள் என்பது இந்த டிஸ்க்குக்குத்தான் தெரியும்.

"நான் பாத்துட்டேன் மச்சான். அது போய்ச் சேர்ந்துடுச்சு. போஸ்ட்மார்ட்டம் பண்ணி என்ன ஆகப்போகுது?" என்று சிரித்திருந்தான்.

மனசு கேட்கவில்லை. கூட்டாளியின் இழுப்பறையிலிருந்து அவனுக்குத் தெரியாமல் எடுத்துவிட்டான்.

போர்டைக் கழற்றித் திருப்பி, மீட்டரின் முனையை வைத்தான். மின்னல் அடித்திருந்தால் முதலில் சாக வேண்டியது காவலுக்கு நிற்கும் டயோடு. அது நன்றாக இருந்தது. அதற்கடுத்ததும் நன்றாக இருந்தது. கருகல் இல்லை. தீய்ந்த வாசனை இல்லை.

டக் டக். சற்று விட்டு, டக்.

மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டான். சத்தம் டிஸ்க்கிலிருந்துதான் வந்தது. சின்ன வயசில் உள்ளே தாழ்போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் தங்கை கதவைத் தட்டுவாள். இரண்டு தட்டு. சற்று விட்டு, ஒன்று.

பூதக்கண்ணாடியை இழுத்தான்.

போர்டின் மூலையில் ஓர் இடம் காலி. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் சொந்தமான சின்ன சிப் ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால் எந்த போர்டை மாற்றினாலும் டிஸ்க் வாய் திறக்காது. அதைச் சுடுகாற்று வைத்து, பக்குவமாக, எடுத்திருந்தார்கள். சுற்றிலும், சூடு பரவாமலிருக்க டேப் ஒட்டி எடுத்த பசைத் தடம். அதன் நுனி இடப்பக்கம் சரிந்திருந்தது.

இடக்கைக்காரனின் வெட்டு. "நேரா வெட்ட வராதாடா உனக்கு?" என்று கூட்டாளியை எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பான்.

போர்டைக் கீழே வைத்தான்.

டக் டக். டக்.

போர்டு தனியே கிடந்தது. டிஸ்க் சுழன்றது.

கம்ப்யூட்டர் திரையில் படம் வந்தது. தங்கை வீட்டுக் கொல்லை. தரையடித் தண்ணீர்த் தொட்டி. அதன் மூடிமேல் புதிதாகப் பூசிய சிமெண்ட், இன்னும் ஈரமாக. பக்கத்தில் குனிந்து, இடக்கையால் கொத்துக்கரண்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தவனின் முதுகு.

ஷட்டர் உயர்ந்தது.

"மச்சான்." குரல் மெதுவாக வந்தது. "சொன்னேன்ல, வேணாம்னு."

அவன் திரும்பவில்லை. "அவ என்னடா செஞ்சா உனக்கு?"

செருப்புச் சத்தம் நெருங்கியது. நாற்காலிக்குப் பின்னால் நின்றது. மூச்சு பிடரியில் பட்டது. பிறகு அந்த மூச்சும் நின்றது. அவனும் திரையைப் பார்த்துவிட்டான்.

"அணைச்சுடு மச்சான்."

"எதைடா அணைக்கிறது? வயரே மாட்டல."

டக் டக்.

திரையில் இப்போது கொல்லையில் யாரும் இல்லை. சிமெண்ட் காய்ந்திருந்தது. அதன் நடுவே ஒரு விரிசல். விரிசலில் நான்கு விரல்கள், ஈரமாக, ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன.