கரிக் கையும் பளபளச் சுவரும்

குளியலறைச் சுவரில் ஐந்து விரல் இருந்தது. கறுப்பாக.

"யோவ், நேத்துதான்யா கிறிஸ்துமஸுக்கு சுண்ணாம்பு அடிச்சேன்! இனிமே நீ உள்ள குளிக்காத!" என்று கத்தினாள் ரெஜினா.

அவள் புருஷன் அம்புரோஸ் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிற ஆள். தலைக்குச் சோப்புப் போட்டால் கண்ணை மூட வேண்டும். கண்ணை மூடினால் கை சுவரைத் தேடும். அதற்கு அவர் என்ன செய்வார்?

அன்றிலிருந்து தெருக்குழாயடியில் குளித்தார். மார்கழிப் பனி. மூன்றாம் நாளே இருமல் வந்துவிட்டது.

மகள் ஃப்ளோரன்ஸ் ஐந்தாம் வகுப்பு. ஈரத் துணியால் கறையைத் தேய்த்துப் பார்த்தாள். சுண்ணாம்புதான் கரைந்து வந்தது. கறை பெரிதாகிவிட்டது.

"எம்மா, கழுவுற பெயிண்ட் அடிச்சா நைனா உள்ளயே குளிக்கலாம்ல?"

"நான் வேணான்னா சொல்றேன்? போய் வாங்கினு வா. ஏமாந்துட்டு வந்தே, இருக்குது உனக்கு!"

ஃப்ளோரன்ஸ் காசை எடுத்துக்கொண்டாள். நைனா தோளில் போடும் கரி படிந்த துண்டையும் எடுத்துக்கொண்டாள்.

பெயிண்ட் கடை ஹபீபுல்லா ஒரு டப்பாவைத் தட்டினார். "இத்த எடுத்துக்கோ பாப்பா. டிஸ்டெம்பர்."

"கழுவலாமா பாய்?"

"டப்பாவுலயே போட்டுகீதே!"

டப்பாவில் என்னதான் போட மாட்டார்கள்? அச்சடித்ததை எல்லாம் நம்பினால் பிழைக்க முடியாது. ஃப்ளோரன்ஸும் நம்பவில்லை. கடையில் மூன்று மாதிரிப் பலகைகள் மாட்டியிருந்தன. மூன்றிலும் கரித் துண்டை வைத்து அழுத்தித் தேய்த்தாள்.

"ஐயோ, இன்னா பண்ற? கலீஜ் பண்ணாதம்மா!"

"எங்க நைனா டெய்லி இதான் பாய் பண்ணுவாரு. கொஞ்சம் தண்ணி குடுங்க."

மங்கலாக இருந்த டிஸ்டெம்பர் பலகையில் தண்ணீர் விட்டுத் துடைத்தும் கறை அப்படியே நின்றது. லேசாக மினுங்கிய பலகையில் சாம்பல் நிறத்தில் தங்கியது. பளபளத்த இனாமல் பலகையில் ஒரே துடைப்பு. ஒன்றும் இல்லை.

"இதான் வேணும்."

"அது கண்ணாடி மாதிரி. சுவத்துல மேடு பள்ளம் எல்லாம் காட்டிக் குடுத்துடும். பாக்குறவங்க சிரிப்பாங்க."

"எங்க பாத்ரூமை யாரு பாய் வந்து பாக்கப் போறா?"

ஹபீபுல்லாவே சிரித்துவிட்டார். "சரி, இத்தக் கேட்டுக்கோ. சுண்ணாம்பு மேல அடிச்சா உரிஞ்சினு வந்துரும். மொத்தமா சொரண்டு. நல்லாக் காயவுடு. பிரைமர் அடி. அப்பறந்தான் இது. நானா சொல்றேன், டப்பாவுல போடல."

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சேர்ந்து சுரண்டினார்கள். மூன்று பேர் தலையும் வெள்ளையாகிவிட்டது. பெயிண்ட் அடித்துக் காய்கிறவரை பக்கத்து வீட்டில் குளித்தார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அம்புரோஸ் உள்ளே குளித்துவிட்டு வெளியே வந்தார். சுவரில் அதே ஐந்து விரல்.

ரெஜினா வாயைத் திறந்தாள். அதற்குள் ஃப்ளோரன்ஸ் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றித் துணியால் துடைத்தாள். விரல் போய்விட்டது.

ரெஜினா சுவரை உற்றுப் பார்த்தாள். "நம்ம சுவரு இம்மாங் கோணலாவா கீது?"

"இம்மா நாளா என் கைதான் மறைச்சினு இருந்துச்சு" என்றார் அம்புரோஸ்.

மறுநாள் விடிந்ததும் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. இருமல் சத்தம் இல்லை. ரெஜினா போய்க் கதவைத் தட்டினாள்.

"யோவ், தரை வழுக்கும். ரெண்டு கையையும் சுவத்துல நல்லா வெச்சுக்கோ!"