முள் குத்திய கை

"எதுல குத்துச்சு?"

"ரோஜா முள்ளுதாங்க டாக்டர். எங்களுக்கு அது கொசுக்கடி மாதிரி."

"கொசு கடிச்சா விரல்லேர்ந்து முழங்கை வரைக்கும் வரிசையா கட்டி வருமா?"

"எங்க தோட்டத்துக் கொசு கொஞ்சம் படிச்சதுங்க... வரிசையாத்தான் கடிக்கும்!"

அந்த முதல் நாள் பேச்சை நினைத்தால் டாக்டரான அவளுக்கு இன்றும் சிரிப்பு வரும். அன்றும் மழை. எதிரே உட்கார்ந்திருந்த நர்சரிக்காரனின் இமைகளில்கூட ஈரம். எங்கெங்கோ வாங்கிச் சாப்பிட்ட ஆன்டிபயாடிக் எதற்கும் கட்டிகள் அசையவில்லை.

"கையை எடுத்துடுவாங்களா? செடிக்கு ஒட்டுக் கட்டுறதுதாங்க என் பொழைப்பு..." அப்போது மட்டும் அவன் குரல் உடைந்தது.

"நான் இருக்கேன்ல?"

கட்டியிலிருந்து துளி சதை எடுத்து, அதில் என்ன கிருமி வளர்கிறதென்று ஆய்வகத்தில் பார்க்கச் சொன்னாள். அவள் சந்தேகம் சரி. மண்ணிலும் முள்ளிலும் ஒளிந்திருக்கும் பூஞ்சை!

"மாசக்கணக்குல மாத்திரை. புண்ணு காஞ்சாலும் நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

"சரிங்க... இன்னொண்ணு கேக்கணும்..."

"கட்டியைப் பத்தின்னா கேளுங்க."

அவன் வாயை மூடிக்கொண்டான். கண்கள்தான் மூடவில்லை...

ஆனால் புண் காய்ந்ததுமே மாத்திரையை நிறுத்திவிட்டான். கட்டிகள் திரும்பின.

"மேல ஆறினா உள்ளயும் ஆறிடுச்சுன்னு யாரு சொன்னா? கை வேணுமா வேணாமா?" வெடித்தாள்.

"என் கை... எனக்குத் தெரியும்!" முறுக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். பேஷன்ட்டுக்காகவா... இல்லை, அவனுக்காகவா?

ஒருநாள் வந்தே விட்டான். சட்டைப் பையில் தோட்டக் கையுறை துருத்திக்கொண்டிருந்தது.

"இதைப் போட்டுக்கிட்டுத்தான் செடியைத் தொடுறேன். மாத்திரையும் மறுபடி ஆரம்பிச்சுட்டேன். நீங்க திட்டினது வலிச்சுது... ஆனா சரியாத்தான் திட்டினீங்க."

மாதங்கள் ஓடின. இன்று மீண்டும் மழை. கிளவுஸ் போட்ட விரல்களால் அவன் கையை அங்குலம் அங்குலமாக அழுத்திப் பார்த்தாள். எங்கும் கட்டியில்லை. மங்கிய தழும்புகள் மட்டும்.

"முடிஞ்சுது. இனி மாத்திரை வேணாம். இனிமே நான் உங்க டாக்டரும் இல்ல."

கடைசி வார்த்தைகளை அவள் வேண்டுமென்றேதான் சேர்த்தாள்.

அவன் எழவில்லை. "அப்ப... அன்னைக்குக் கேக்காம விட்டதைக் கேக்கலாமா?"

"கட்டியைப் பத்தியா?"

"இல்லீங்க." அவன் கை இன்னும் அவள் கையில்தான் இருந்தது. "இந்த கிளவுஸைக் கழட்டிட்டு... என் கையைப் பிடிச்சுக்குவீங்களா? விடாம...?"