எட்டைப் பிரித்த கை

"ஐயோ... கொலை!"

அலறியவன் சுதாகரன். வாவியில் நண்டு வலை இழுத்துவிட்டுக் கரைக்கு வந்தவன், தன் மீன்வாடிக் குடிசையின் கதவைத் தள்ளிய அடுத்த கணம்!

உள்ளே அவன் நண்பன் சிவதர்ஷன். மேசையில் கவிழ்ந்து கிடந்தான். பின்மண்டை பிளந்திருந்தது.

பக்கத்தில் ஒரு துடுப்பு. சுதாகரனின் பழைய துடுப்பு. அதில் இரத்தம்!

மேசையில் சீட்டுகள்.

இன்ஸ்பெக்டர் அன்னப்பூரணி வந்தாள். சீட்டுகளைப் போனில் படம் பிடித்தாள். அள்ளிப் பைக்குள் போட்டாள். உடல் வண்டியில் ஏறியது.

அதற்குப் பிறகுதான் சிவதர்ஷனின் மனைவி கஜானி ஓடி வந்தாள். வந்த வேகத்தில் சுதாகரனின் சட்டையைப் பிடித்தாள்.

"சண்டாளா! என்ட மனுசனக் கொன்னு போட்டியேடா!"

"நான் இல்ல கஜானி! காலமையில இருந்து வாவிக்குள்ள நிண்டனான்!"

"ஆரு கண்ட?"

"நண்டு கண்டிருக்கும்!" என்றாள் அன்னப்பூரணி எரிச்சலாக. "ரெண்டு பேரும் வாய மூடுங்க!"

மூடினார்கள்.

சிவதர்ஷன் கொழும்பில் ஒரு கசினோவில் சீட்டுப் போட்டவன். பிளாக்ஜாக் மேசை. வேலை போனதும் ஊருக்கு வந்து, கேட்டவர்களுக்கெல்லாம் அந்த ஆட்டத்தைப் பழக்கினான். இந்த வாடிதான் பள்ளிக்கூடம்.

"மேசையில ரெண்டு பக்கமும் காட்ஸ். கொன்ற ஆள் அவனோட பிளாக்ஜாக் விளையாடின ஆள்" என்றாள் அன்னப்பூரணி. "உனக்குத் தெரியுமாடா?"

"எனக்கு முந்நூற்றிநாலு எண்ட ஆட்டம் மட்டுந்தான் தெரியும் மிஸ்! மற்றத அவன் பழக்கிப் பாத்தான்... மண்டையில ஏறயில்ல!"

"பொய்!" கஜானி சீறினாள். "எந்த நேரமும் ரெண்டு பேருக்கும் காட்ஸ்தான் மிஸ். நாசமாப் போன காட்ஸ்! நான் கையாலயும் தொட்டதில்ல. நினைச்சாலே வயிறு எரியுது!"

அன்னப்பூரணி அவளைப் பார்த்தாள். பிறகு சுதாகரனை. பையிலிருந்து சீட்டுகளை எடுத்தாள்.

அவன் முன்னால் இரண்டு எட்டு. தன் முன்னால் ஒரு பத்து.

"கூட்டி இருபத்தொண்டுக்குக் கிட்டப் போகோணும். தாண்டினாத் தோல்வி. நான் சீட்டுப் போடுற டீலர். விளையாடு!"

"மிஸ்... இப்பயா?"

"இல்லாட்டிக் கைவிலங்கோட விளையாடு!"

சுதாகரன் உட்கார்ந்தான். சீட்டுகளை அள்ளி நெஞ்சோடு அணைத்து விசிறியாக விரித்தான். முகம் தொங்கிப் போனது.

"ரெண்டும் எட்டு... பூச்சியம் மிஸ். ஒரு ஜாக்காவது தாங்களன்!"

முந்நூற்றிநாலில் ஜாக்தான் பெரிய சீட்டு. எட்டுக்கு மதிப்பே இல்லை!

"இது முந்நூற்றிநாலு இல்லடா!"

"அப்ப... இன்னொண்டு தாங்க."

ஒன்பது விழுந்தது. மொத்தம் இருபத்தைந்து. தோல்வி!

கஜானி பாய்ந்து வந்து மேசையில் அறைந்தாள்.

"நடிக்கிறான் மிஸ்! நம்பாதீங்க! ரெண்டு எட்டு வந்தாப் பிரிச்சி ரெண்டு கையா விளையாடோணும்! டீலருக்குப் பத்து இருந்தாலும் பிரிக்கோணும்! அரிச்சுவடி அது! அது தெரியாதா இவனுக்கு?"

கரையில் ஒரு தோணி முட்டியது.

அன்னப்பூரணி போனை நீட்டினாள். படத்தில், செத்தவன் பக்கம் பத்தும் ஏழும். எதிர்ப்பக்கம் இரண்டு எட்டுகள். தனித்தனியாக! ஒன்றின் மேல் ராஜா, மற்றதின் மேல் பத்து.

"காட்ஸத் தொடாத கைக்கு அரிச்சுவடி ஆரு பழக்கின, கஜானி?"

"என்ட மனுசன்தான்!"

அவள் அழவில்லை. கத்தினாள்.

"சோறு காய்ச்சக்குள்ளயும் கேப்பான். பன்னிரண்டு வந்தா என்ன செய்வாய்? பதினாறு வந்தா? டீலர்ர காட்டப் பாருடி! பிழைச்சாத் தலையில குட்டு! பல்லக் கடிச்சிப் பழகினன் மிஸ். உன்னிச்சை ஊரில என்ட சீதன வயல்... அந்தக் காணி உறுதிப் பத்திரத்த ஒளிச்சி வைச்சிருந்தான். விளையாட்டில என்னை வெண்டாத் தாறன் எண்டான்."

"வெண்டியா?"

"ரெண்டு கையும் வெண்டன்! சிரிச்சான் மிஸ். 'உன்ட கள்ளக் கையெழுத்த வைச்சி வயல எப்பயோ வித்துட்டன்... இது சும்மா பயிற்சிடி' எண்டான்!"

அன்னப்பூரணியின் பற்கள் நறநறத்தன. செத்தவனை எழுப்பி ஓர் அறை விடலாம் போலிருந்தது.

"என்னிட்ட வந்திருக்கலாமே?"

"வந்திருந்தா?"

அன்னப்பூரணி விலங்கை எடுத்தாள்.

"சரி... இவன் என்ன பாவம் செய்த? இவன்ட தலையில ஏன் பழியப் போட்ட?"

"வாடியக் குடுத்தது இவன்தானே!"

விலங்கு பூட்டப்பட்டது. கஜானி திரும்பிப் பார்க்காமல் ஜீப்பில் ஏறினாள்.

சுதாகரன் தயங்கித் தயங்கி வந்தான்.

"மிஸ்... ஒரு சந்தேகம். அந்த எட்ட ஏன் பிரிக்கோணும்?"

"ஆருக்குத் தெரியும்? மேசையில கிடந்த காட்ஸையே திரும்ப வைச்சன். ஆராவது வாயத் திறப்பீங்க எண்டுதான்!"

"அப்ப உங்களுக்கு பிளாக்ஜாக் தெரியாதா?!"

அன்னப்பூரணி தொப்பியை மாட்டினாள்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரே சீட்டு விளையாட்டு கழுதை. அதிலயும் எப்பவும் நான்தான்டா கழுதை!"