மூச்சாளி குடியிருந்த வீடு

செவ்வாயின் மூன்றாம் குடியிருப்பில் காலை ஏழு மணிக்கு நாற்பத்திரண்டு வீடுகளில் நாற்பத்திரண்டு மூச்சாளிகள் எழுந்தன. விளக்கைப் போட்டன, குழாயைத் திறந்து மூடின, பிறகு நாற்காலியில் உட்கார்ந்து நாள் முழுக்க மூச்சு விட்டன. வேறு வேலை அவற்றுக்குக் கிடையாது.

வெளிநாட்டார் அங்கே வீடு வாங்கலாம். ஆனால் வாங்கிய வீட்டில் ஆள் குடியிருக்க வேண்டும் என்பது செவ்வாய்க் குடியரசின் சட்டம். ஆள் இருப்பதற்கு அடையாளம் மூச்சு. சுவரில் பதித்த மூச்சுமானி அதை எண்ணிக்கொள்ளும். சட்டம் வந்த மறுவாரமே வெட்கங்கெட்ட பூமிக்காரர்கள் மூச்சாளியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நெஞ்சுக்குள் துருத்தி வைத்த ஓர் இயந்திரம், அவ்வளவுதான். மூச்சுமானி அதையும் ஒரு குடித்தனக்காரராகப் பதிந்துகொண்டது.

அந்த வீடுகளுக்கெல்லாம் காற்றுக்குழாய் பழுது பார்ப்பவன் இசக்கியப்பன். அவன் மனைவி பிரமு, மூச்சாளிகளுக்குத் துருத்தி பொருத்துகிறவள். இருவரும் இருந்தது எட்டுப் பேர் படுக்கும் தொழிலாளர் விடுதியில். பிரமுவுக்கு இது ஏழாம் மாதம். தனிக் காற்றிணைப்புள்ள வீடு இல்லாதவர்கள் அங்கே பிள்ளை பெறக் கூடாது; பூமிக்குப் போய்விட வேண்டும். போனால் திரும்பி வர ஐந்து வருடம் ஆகும்.

பதினேழாம் எண் வீட்டுக்காரர் கோயம்புத்தூர் சென்னியப்பன். அவரிடம் இசக்கியப்பன் வாடகைக்குக் கேட்டான். பதில் வந்து சேர அரைமணி நேரமானது.

"ஏனுங் தம்பி, குடியிருக்கறதுக்கா வாங்கிப் போட்டிருக்கறேன்? ஆளு பொழங்குனா ஊட்டோட மதிப்பு கொறஞ்சு போயிருமுங்க."

இசக்கியப்பனுக்கு உச்சந்தலைவரை எரிந்தது. தன் பிள்ளைக்கு இல்லாத காற்றை ஒரு துருத்தி குடிப்பதா? நேராகப் போய்ப் பதினேழாம் எண் குழாயைத் திருகி அடைத்தான். பத்தாவது நிமிடத்தில் மூச்சாளி நின்றது. மூச்சுமானி தன் கடமையைச் செய்தது. குடியிருந்தவர் இறந்துவிட்டார் என்று மரணச் சான்றிதழ் எழுதிக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவைத்தது.

அது வெறும் இயந்திரம் என்று சென்னியப்பனால் சொல்ல முடியவில்லை. சொன்னால் வீட்டையே பறித்துக்கொள்வார்கள். விற்கப் பார்த்தார். சாவு விழுந்த வீடு என்றதும் வாங்க வந்தவர்கள் எல்லாரும் பின்னங்கால் பிடரியில் பட ஓடினார்கள். கடைசியில் இசக்கியப்பனையே கூப்பிட்டார்.

"அந்தக் கருமம் எனக்கு வேண்டாமுங் தம்பி. இருக்கறதக் குடுத்துப்போட்டு நீங்களே எழுதிக்குங்க."

பத்திரம் பதிந்து, சாவியோடு விடுதிக்கு ஓடினான் இசக்கியப்பன்.

"எந்த வீடு?" என்றாள் பிரமு.

"பதினேழு."

அவள் முகம் மாறியது. "சாவு விழுந்த வீட்டுலயா என்னயப் புள்ள பெறச் சொல்லுதிய?"

"ஏட்டி, அது துருத்தி! நீதான பொருத்துன!"

"பொருத்துனேன். அதுக்காவ? மூச்சு நின்ன வீடு, நின்ன வீடுதான். தலைப்புள்ள. நான் வரமாட்டேன்."

இசக்கியப்பன் கத்தினான், சாவியைச் சுவரில் விட்டெறிந்தான். விடுதியிலிருந்த மற்ற ஆறு பேரும் பிரமுவின் பக்கமே நின்றார்கள். அந்த வாரக் கப்பலில் அவள் பூமிக்குக் கிளம்பிவிட்டாள்.

பிள்ளை பிறந்தது பாளையங்கோட்டையில், ஓர் ஆஸ்பத்திரியில். அங்கே நாளொன்றுக்கு எத்தனை பேர் சாகிறார்கள் என்று அவளும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.